வாசகர் கேள்வி: பொலிசுக்குள் இருக்கும் ஒற்றனை ஒரு துப்பறிவாளர் இப்படிப் பிடிக்க முடியுமா?

கடிதத்தின் சாரம்

வெள்ளவத்தையில் வசிக்கும் ஒரு வாசகி எழுதியிருக்கிறார். தனியார் நிறுவனமொன்றின் கணக்குப் பிரிவில் வேலை. வீட்டு வேலைகள் முடிந்த பிறகு இரவில் உட்கார்ந்து தனது முதல் துப்பறியும் நாவலை எழுதி வருகிறார். கதை நடப்பது கொழும்பு வடக்கில். ஒரு போதைப்பொருள் கும்பலைப் பிடிக்கப் பொலிஸ் எப்போது போனாலும் வீடு காலியாகவே கிடக்கிறது. உள்ளேயிருந்து யாரோ தகவல் கொடுக்கிறார்கள் என்று பொறுப்பதிகாரி சந்தேகப்படுகிறார். குற்றப் புலனாய்வுத் திணைக்களத்திலிருந்து ஓய்வு பெற்று, இப்போது தனியாகத் துப்பறியும் தன் பழைய நண்பரைக் கூப்பிடுகிறார்.

நண்பர் ஒரு பொறி வைக்கிறார். சந்தேகத்துக்குரியவர்கள் நான்கு பேர்: ஓர் உப பரிசோதகர், ஒரு சார்ஜன்ட், ஒரு கான்ஸ்டபிள், ஜீப் சாரதி. நால்வருக்கும் தனித்தனியே ஒவ்வோர் இடத்தைச் சொல்கிறார். சார்ஜன்டுக்கு முகத்துவாரம், மற்றவர்களுக்குக் கிராண்ட்பாஸ், மருதானை, தெமட்டகொடை. அன்றிரவே முகத்துவாரத்து வீடு காலியாகிறது. மறுநாள் காலை பொறுப்பதிகாரியின் அறையில் நால்வரையும் நிறுத்தி, "முகத்துவாரம் என்று உங்களிடம் மட்டும்தான் சொன்னேன், சார்ஜன்ட்" என்கிறார் துப்பறிவாளர். தொலைபேசி நிறுவனத்தில் வேலை செய்யும் நண்பர் ஒருவர் மூலம் எடுத்த அழைப்பு விபரத்தை மேசையில் போடுகிறார். சார்ஜன்ட் அழுது எல்லாவற்றையும் ஒத்துக்கொள்கிறார். துப்பறிவாளரே விலங்கு மாட்டுகிறார். மூன்று மாதம் கழித்து, அந்த வாக்குமூலத்தை வைத்து நீதிமன்றம் தண்டனை கொடுக்கிறது.

வாசகியின் மாமா ஓய்வுபெற்ற பொலிஸ்காரர். அத்தியாயத்தை வாசித்துவிட்டு, "கதைக்குச் சரி பிள்ளை, கோர்ட்டில் ஒரு நிமிஷமும் நிக்காது" என்றாராம். "நாலு பேர் முன்னால் தன் வாயாலேயே ஒத்துக்கொண்ட ஒருவர் எப்படித் தப்ப முடியும்? என் முடிவு நம்பும்படி இல்லையா?" என்று கேட்கிறார் வாசகி. கடிதத்தின் கடைசியில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. அந்தச் சார்ஜன்டை அவர் முழுக்கக் கற்பனையாகப் படைக்கவில்லை. தனக்குத் தெரிந்த ஒருவரை மனதில் வைத்துத்தான் எழுதுகிறார். "கதை என்று சொல்லிவிட்டால் பிரச்சினை இல்லைதானே?"

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் நேரான பதில். உங்கள் துப்பறிவாளர் ஒற்றனைக் கண்டுபிடிக்கும் வழி நம்பக்கூடியதுதான், சில ஓட்டைகளை அடைத்தால். அவர் அதை நிரூபிக்கும் வழி நம்பக்கூடியதல்ல. உங்கள் மாமா சொன்னது சரி. ஆனால் ஒருவர் யார் என்று தெரிந்துகொள்வதற்கும் அதை நீதிமன்றத்தில் நிலைநாட்டுவதற்கும் இடையில் இருக்கும் தூரம்தான் இந்தக் கதையின் உண்மையான களம் என்று எனக்குப் படுகிறது. நீங்கள் அந்தத் தூரத்தை ஒரே காட்சியில் தாண்டிவிட்டீர்கள். புதுக்கடை நீதிமன்றங்களில் குற்ற வழக்குகள் பேசுகிறவன் என்ற முறையில், அங்கேதான் உங்களை நிறுத்தி வைக்க விரும்புகிறேன்.

பொலிசுக்குள் ஒற்றன் இருப்பது மிகைப்படுத்தல் என்று யாராவது சொன்னால் அதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். 2020ஆம் ஆண்டு பொலிஸ் போதைப்பொருள் ஒழிப்புப் பணியகத்தின் அதிகாரிகள் பலர், போதைப்பொருள் வியாபாரிகளோடு தொடர்பு வைத்திருந்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டுக் கைதானது இந்த நாட்டில் எல்லோரும் அறிந்த செய்தி. அந்தப் பகுதியை நீங்கள் நியாயப்படுத்தத் தேவையே இல்லை.

பொறி: எங்கே நிற்கும், எங்கே சறுக்கும்

ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு தகவலைக் கொடுத்து, எது வெளியே போகிறது என்று பார்ப்பது புலனாய்வில் பழைய முறை. உண்மையிலேயே பயன்படுத்தப்படுவது. ஆனால் அது வேலை செய்ய ஒரு நிபந்தனை உண்டு: சொன்ன தகவல் சொன்ன ஆளிடமே இருக்க வேண்டும். ஒரு பொலிஸ் நிலையத்தில் இது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள்.

சார்ஜன்டிடம் "நாளை விடியற்காலை முகத்துவாரம்" என்று சொல்லியாயிற்று. அவர் போவதற்கு ஜீப் வேண்டும். எந்த நேரம், எவ்வளவு தூரம் என்று சாரதியிடம் சொல்ல வேண்டும், வாகனத்தின் ஓட்டத்தைப் பதியும் ரனிங் சார்ட்டில் எழுத வேண்டும். துவக்கு எடுக்க வேண்டுமென்றால் அதற்கொரு புத்தகத்தில் கையெழுத்து. வெளியே புறப்படும்போது தகவல் புத்தகத்தில் ஒரு குறிப்பு. அந்த வீட்டில் பெண்கள் இருந்தால் அவர்களைச் சோதனையிட ஒரு பெண் பொலிஸ் வேண்டும். பெண்ணைப் பெண்தான் சோதனையிடலாம் என்பது நமது குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தில் இருக்கும் விதி. நிலையத்தில் அன்றைக்குப் பெண் பொலிஸ் இல்லையென்றால் பக்கத்து நிலையத்துக்குப் போன் போகும். "எங்கே?" என்று அங்கே இருப்பவர் கேட்பார். தேடுதல் பிடியாணை எடுப்பதென்றால் நீதவான் நீதிமன்றத்தில் பதிவாளர், எழுதுவினைஞர் என்று இன்னும் சிலர் கண்ணில் படும்.

ஆக, "உங்களிடம் மட்டும்தான் சொன்னேன்" என்ற வசனம் உண்மையாக இருக்கலாம். "உங்களுக்கு மட்டும்தான் தெரியும்" என்பது அதிலிருந்து வராது. சார்ஜன்டின் சட்டத்தரணி இதைத்தான் முதலில் பிடிப்பார். சாட்சிக்கூட்டில் ஜீப் சாரதியை ஏற்றி, "முகத்துவாரம் என்று உமக்கு யார் சொன்னது?" என்று கேட்டால் போதும்.

இதை உங்கள் கதைக்கு இடைஞ்சலாக நினைக்காதீர்கள், வரமாக நினையுங்கள். அந்தப் பெண் பொலிசுக்கு எடுத்த ஒரு போன் அழைப்பிலிருந்து ஓர் அத்தியாயமே எழுதலாம்.

இன்னொன்று. ஒரே ஒரு முறை ஒரு வீடு காலியானதை வைத்து முடிவுக்கு வராதீர்கள். கும்பல்கள் தாமாகவே இடம் மாற்றுகின்றன. ஒழுங்கை முனையில் நிற்கும் பையன் தெரியாத ஒரு வானைப் பார்த்தாலே செய்தி போய்விடும். உங்கள் துப்பறிவாளர் குறைந்தது இரண்டு மூன்று தடவையாவது, இடத்தையும் நேரத்தையும் மாற்றி மாற்றிச் செய்து பார்க்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் யாருக்கு என்ன, எத்தனை மணிக்குச் சொன்னார் என்று உடனுக்குடன் எழுதி வைக்க வேண்டும். வாய்ப்பேச்சாக இருப்பது பிறகு உதவாது.

பொறி தவறான ஆளைக் காட்டும்போது

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். உங்கள் நாவலில் பொறி வைத்தவுடன் சரியான ஆள் விழுகிறார். வாசகர்களுக்கும் அதில் சந்தேகம் வருவதில்லை. உலகத்தில் மிகப் பெரிய புலனாய்வு அமைப்புகளே இதில் மோசமாகத் தவறியிருக்கின்றன.

அமெரிக்காவில் ராபர்ட் ஹான்சன் என்ற எஃப்.பி.ஐ. அதிகாரி பல வருடங்களாக மொஸ்கோவுக்கு இரகசியங்களை விற்றுவந்தார். உள்ளே ஒற்றன் இருப்பது எஃப்.பி.ஐ.க்குத் தெரியும். ஆனால் அவர்கள் சந்தேகப்பட்டது சி.ஐ.ஏ.யில் வேலை செய்த பிரையன் கெலி என்பவரை. அவர் வீட்டை இரகசியமாகச் சோதித்தபோது, பூங்கா ஒன்றின் கையால் வரைந்த படம் கிடைத்தது. பக்கத்தில் நேரங்கள் குறித்திருந்தன. இரகசியப் பொதி வைக்கும் இடங்களின் படம் என்று நினைத்தார்கள். அது அவர் ஓடிப் பயிற்சி செய்யும் பாதை. பிறகு உங்கள் துப்பறிவாளர் வைத்தது போலவே ஒரு பொறி வைத்தார்கள். வெளிநாட்டு ஆள் போல நடித்த ஒருவர் அவர் வீட்டுக் கதவைத் தட்டி, "உங்களைக் கண்டுபிடித்துவிட்டார்கள், தப்பிக்க வழி செய்கிறோம்" என்றார். கெலி மறுநாளே அதை எஃப்.பி.ஐ.யிடம் முறையிட்டார். ஒரு நிரபராதி செய்யக்கூடியது அதுதான். அதைக்கூட, "எவ்வளவு தந்திரமான ஆள்!" என்றுதான் எடுத்துக்கொண்டார்கள். அவர் நீண்ட காலம் வேலையிலிருந்து விலக்கி வைக்கப்பட்டார்.

கடைசியில் ஹான்சனைக் காட்டிக்கொடுத்தது பொறி அல்ல. ரஷ்யத் தரப்பிலிருந்து பணம் கொடுத்து வாங்கிய ஒரு கோப்பு. அதில் ஒலிப்பதிவு ஒன்றும், விரலடையாளம் பதிந்த ஒரு பிளாஸ்டிக் பையும் இருந்தன. குரலைக் கேட்டவர்கள் அது கெலியின் குரல் இல்லை என்பதைப் புரிந்துகொண்டார்கள். ஹான்சன் 2001 பெப்ரவரியில் கைதானார்.

உங்கள் நாவலில் இந்தக் கட்டம் ஒன்று வேண்டும் என்பது என் ஆசை. முதல் பொறியில் அந்தக் கான்ஸ்டபிள் விழட்டும். எல்லோரும் அவரை ஒதுக்கட்டும். நிலையத்தில் அவரோடு யாரும் தேநீர் குடிக்காத ஒரு வாரத்தை எழுதுங்கள். சந்தேகம் ஒரு நிரபராதியை என்ன செய்யும் என்பது நம் சமூகத்துக்குத் தெரியாத விஷயம் இல்லை. குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தின் நாலாம் மாடி என்ற சொல்லைக் கேட்டாலே வயிறு கலங்கும் வீடுகள் கொழும்பில் எத்தனையோ. அந்த அனுபவம் உள்ள வாசகருக்கு, சந்தேகப்பட்டவுடன் சரியான ஆள் அகப்படும் கதையை நம்புவது கஷ்டம்.

ஒப்புதல் வாக்குமூலம்: உங்கள் பெரிய தவறான எண்ணம்

"தன் வாயாலேயே ஒத்துக்கொண்டவர் எப்படித் தப்ப முடியும்?" என்று கேட்டீர்கள். சட்டமே அதற்கு இடம் வைத்திருக்கிறது. நல்ல காரணத்தோடுதான்.

1895ஆம் ஆண்டின் சாட்சியக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அதன் 25ஆம் பிரிவின்படி, ஒரு பொலிஸ் அதிகாரியிடம் செய்த குற்ற ஒப்புதலை எதிரிக்கு, அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு, எதிராக நிரூபிக்க முடியாது. சார்ஜன்ட் தானே பொலிஸ்காரராக இருப்பதால் இது மாறாது. அவரும் ஓர் எதிரிதான். "ஆனால் என் துப்பறிவாளர் பொலிஸ் இல்லையே, ஓய்வு பெற்றவராச்சே" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. அதற்கு 26ஆம் பிரிவு இருக்கிறது: பொலிஸ் காவலில் இருக்கும்போது யாரிடம் ஒத்துக்கொண்டாலும், நீதவானின் நேரடி முன்னிலையில் இல்லாவிட்டால் அது செல்லாது. பொறுப்பதிகாரியின் அறையில், கதவைச் சாத்திக்கொண்டு, மேலதிகாரி பார்த்துக்கொண்டிருக்க நிற்கும் ஒரு சார்ஜன்ட் எழுந்து வெளியே போகும் சுதந்திரத்தோடு இருந்தார் என்று எந்த நீதிபதி நம்புவார்? அதையும் தாண்டினால் 24ஆம் பிரிவு: பயமுறுத்தல், ஆசை காட்டல், வாக்குறுதி ஆகியவற்றால் வந்த ஒப்புதல் செல்லாது. உங்கள் அத்தியாயத்தில் துப்பறிவாளர் "உண்மையைச் சொன்னால் பிள்ளைகளின் எதிர்காலத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறார். பொறுப்பதிகாரி பேசாமல் தலையாட்டுகிறார். அந்த ஒரு தலையாட்டலே எதிர்த்தரப்புக்குப் போதும்.

ஒரு வாசல் மட்டும் திறந்திருக்கிறது, 27ஆம் பிரிவு. சார்ஜன்ட் சொன்ன தகவலால் ஒரு பொருள் கண்டுபிடிக்கப்பட்டால், அந்தக் கண்டுபிடிப்போடு நேரடியாகச் சம்பந்தப்பட்ட அளவுக்கு அவர் சொன்னதை நிரூபிக்கலாம். ஆனால் அவர் பொலிஸ் காவலில் இருக்கும்போது சொன்னதாக இருக்க வேண்டும். "அந்தப் போனை மாமியாரின் தையல் மெசினுக்குப் பின்னால் மறைத்து வைத்தேன்" என்று சொல்லி, போய்ப் பார்த்தால் போன் இருந்தால், அந்த வாக்கியத்தின் ஒரு பகுதி உள்ளே வரும். "அதில்தான் கும்பலோடு கதைத்தேன்" என்ற மிச்சம் வராது. அழுகைக் காட்சியை எடுத்துவிட்டு இதை வைத்துப் பாருங்கள். அழாமல், ஒரு சின்னத் தகவலை மட்டும் சறுக்கி விடுகிற சார்ஜன்ட் இன்னும் உயிரோட்டமாக இருப்பார்.

இந்தப் பாதுகாப்பை ஒரு சட்ட நுணுக்கம், குற்றவாளிகள் தப்பும் ஓட்டை என்று மட்டும் பார்க்காதீர்கள். 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம், அதன் 16ஆம் பிரிவு மூலம், உதவிப் பொலிஸ் அத்தியட்சர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் செய்த ஒப்புதலை ஏற்க வழி திறந்தது. அது சுயவிருப்பத்தோடு சொன்னதல்ல என்று காட்டும் பொறுப்பையும் எதிரியின் தலையிலேயே வைத்தது. அதன் விளைவை நாம் அறிவோம். தமிழ் மட்டும் தெரிந்த ஒரு இளைஞர், சிங்களத்தில் தட்டச்சு செய்த ஒப்புதலில் பெருவிரல் அடையாளம் வைத்தார். அந்த ஒன்றை வைத்தே அவருக்கு 50 வருடச் சிறை விதிக்கப்பட்டது. மேன்முறையீட்டில் அது 35 ஆனது. 2004இல் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைகள் குழு, அவருக்கு நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்று முடிவு சொன்னது. அறைக்குள் ஒத்துக்கொண்டால் கதை முடிந்தது என்று எழுதும் ஒவ்வொரு துப்பறியும் நாவலும், அந்த அறைக்குள் என்ன நடந்திருக்கும் என்று கேட்கும் பழக்கத்தை வாசகரிடமிருந்து கொஞ்சம் எடுத்துவிடுகிறது. தமிழில் எழுதும் நீங்கள் அதைச் செய்யக்கூடாது என்று உரிமையோடு கேட்கிறேன்.

ஒரு விஷயம் உங்கள் பக்கம் இருக்கிறது. இந்த விதிகள் குற்ற வழக்குக்கு. திணைக்களத்தின் உள் ஒழுக்காற்று விசாரணை வேறு பாதை. சார்ஜன்ட் பணி இடைநிறுத்தப்படலாம், வேலையை இழக்கலாம், குற்ற வழக்கு நிற்காமலே போகலாம். அந்த அரைகுறை முடிவு உங்கள் முழு வெற்றியைவிட நம்பக்கூடியது. விலங்கு மாட்டும் காட்சியையும் பொறுப்பதிகாரியிடம் விட்டுவிடுங்கள். தனியாளுக்குக் கைது செய்யும் அதிகாரம் மிகக் குறைவு, தன் கண்முன்னால் பாரதூரமான குற்றம் நடக்கும்போது போல. "மூன்று மாதம் கழித்து" என்பதையும் மாற்ற வேண்டும். மேல் நீதிமன்ற வழக்குகள் ஆண்டுக்கணக்கில் போகும்.

அழைப்பு விபரம், பணம், பழைய பதிவுகள்

தொலைபேசி நண்பரிடமிருந்து எடுத்த பட்டியலை நீக்கிவிடுங்கள். வாடிக்கையாளரின் விபரத்தை இப்படி எடுத்துக் கொடுக்கும் நண்பரே சிக்கலில் மாட்டுவார். முறையான வழி, பொலிஸ் நீதவானிடம் விண்ணப்பித்து உத்தரவு பெறுவது. கணினிப் பதிவை 1995ஆம் ஆண்டின் சாட்சிய விசேட ஏற்பாடுகள் சட்டத்தின் கீழ் முன்வைப்பதென்றால், விசாரணைத் திகதிக்கு 45 நாட்களுக்கு முன்பே எதிர்த்தரப்புக்கு அறிவித்தல் கொடுக்க வேண்டும்.

அந்தப் பட்டியல் சொல்வதும் குறைவுதான். எந்த இலக்கம், எந்த இலக்கத்தோடு, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், எந்தக் கோபுரத்தின் கீழ். போனைக் கையில் வைத்திருந்தது யார் என்று சொல்லாது. சிம் வேறொருவர் பெயரில் இருக்கும். வாட்ஸ்அப்பில் கதைத்திருந்தால் அழைப்புப் பட்டியலில் அந்த அழைப்பே வராது.

உண்மையில் பொலிஸ் ஒற்றர்களை மாட்டவைத்தது பெரும்பாலும் அவர்கள் தாமே விட்டுச் சென்ற அலுவலகப் பதிவுகளும் பணமும்தான். நியூயோர்க்கில் லூயிஸ் எப்போலிட்டோ, ஸ்டீபன் கரகாப்பா என்ற இரண்டு துப்பறியும் பொலிஸ்காரர்கள் மாஃபியாவுக்குச் சம்பளத்துக்கு வேலை செய்தார்கள். 1986இல் மாஃபியாத் தலைவர் ஒருவர் தன்னைச் சுட வந்தவனின் முகவரியைக் கேட்டார். கரகாப்பா பொலிஸ் கணினியில் பெயரைத் தேடினார். கிடைத்தது அதே பெயருள்ள வேறொருவரின் முகவரி. அந்த இளைஞர் அந்த வருட நத்தார் தினத்தில், தன் புதுக் காரை உறவினருக்குக் காட்டிக்கொண்டிருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார். ஏறத்தாழ இருபது வருடங்களுக்குப் பிறகு, கணினியில் யார் அந்தப் பெயரைத் தேடியது என்ற பதிவு வழக்கில் சாட்சியாக வந்தது. அது மட்டும் போதவில்லை. இடைத்தரகராக இருந்து, வருடக்கணக்காகச் சிறையில் வாய் திறக்காமல் இருந்த ஒருவர் கடைசியில் சாட்சி சொன்னார். 2006இல் இருவரையும் ஜூரி குற்றவாளிகளாகக் கண்டது. அதன் பிறகும் வழக்கு மேன்முறையீடு என்று இழுபட்டு, 2009இல்தான் ஆயுள் தண்டனை வந்தது.

பணத்துக்கு இன்னொரு உதாரணம், நீங்கள் கணக்குப் பிரிவில் இருப்பதால் சொல்கிறேன். சி.ஐ.ஏ.யின் ஆல்ட்ரிச் ஏம்ஸ் வழக்கில், விசாரித்தவர்கள் ஒரு காலவரிசைப் பட்டியலைத் தயாரித்தார்கள். 1985 மே 17, சோவியத் தூதரக அதிகாரியுடன் மதிய உணவு. மே 18, வங்கியில் 9,000 டொலர் வைப்பு. ஜூலை 2, மதிய உணவு. ஜூலை 5, 5,000 டொலர் வைப்பு. இரண்டு வெவ்வேறு கோப்புகளில் கிடந்த திகதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த ஒருவருக்குத்தான் அது தெரிந்தது. உங்கள் துப்பறிவாளருக்கு ஒரு கணக்காளரின் கண் இருந்தால்? சுற்றிவளைப்பு தோற்ற திகதிகள் ஒரு பக்கம், சார்ஜன்டின் மனைவி பெயரில் வாங்கிய லீசிங் தவணைகளும் நகைக்கடைப் பற்றுச்சீட்டுகளும் மறுபக்கம். இதை உங்களைவிட நன்றாக எழுதக்கூடியவர்கள் குறைவு.

சட்டமும் இந்த வழியில் உங்களுக்குக் கைகொடுக்கும். இலஞ்சச் சட்டங்களின் கீழ், அரச ஊழியர் ஒருவரின் சொத்து அவருடைய வருமானத்துக்கு மிஞ்சியிருந்தால் விளக்கம் சொல்லும் பொறுப்பு அவர் மேல் விழுகிறது. 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் இப்போது அந்த இடத்தில் இருக்கிறது. கும்பலுக்குத் தகவல் கொடுத்ததை நிரூபிக்க முடியாமல் போன சார்ஜன்ட், பணத்துக்கு விளக்கம் சொல்ல முடியாமல் மாட்டுவது நம்பக்கூடிய முடிவு. கும்பல் ஆள் ஒருவர் சட்டமா அதிபரின் நிபந்தனை மன்னிப்புப் பெற்று அரச சாட்சியாக மாறுவது இன்னொன்று. ஆனால் உடந்தையாளனின் சாட்சியத்தை வேறு ஆதாரம் இல்லாமல் நம்ப நீதிமன்றம் தயங்கும். அதனால் பட்டியலும் வேண்டும், ஆளும் வேண்டும்.

கதைச் சார்ஜன்டும் நிஜச் சார்ஜன்டும்

இனி உங்கள் கடைசிக் கேள்வி. "இது கற்பனை" என்று முதல் பக்கத்தில் போட்டுவிட்டால் பாதுகாப்பு என்று நினைக்கிறீர்கள். அப்படி இல்லை. அவதூறு ஒரு குற்றமாக இருந்தது 2002இல் நீக்கப்பட்டது, உண்மை. ஆனால் நட்டஈடு கேட்டுச் சிவில் வழக்குப் போடும் உரிமை அப்படியே இருக்கிறது. பெயரை மாற்றியிருந்தாலும், அவரை அறிந்தவர்கள் வாசித்தவுடன் இவர்தான் என்று இனங்காணக்கூடியதாக இருந்தால் அது போதும். நீங்கள் அனுப்பிய பக்கங்களில் அவருடைய ஊர், கையில் இருக்கும் தழும்பு, வேலை செய்த இரண்டு நிலையங்கள், மனைவியின் தொழில் எல்லாம் இருக்கின்றன. இவற்றை மாற்றுங்கள். ஒன்றிரண்டை மட்டும் மாற்றாமல், வேறொரு மனிதனையே படையுங்கள்.

ஆனால் என்னை நிறுத்தி வைத்தது வேறு. உங்கள் நாவலின் மற்ற இடங்களில் விபரங்கள் பொதுவாக இருக்கின்றன. சார்ஜன்ட் வரும் இடங்களில் மட்டும் கிழமை, நேரம், ஆட்டோவின் நிறம், அது நிற்கும் ஒழுங்கை, இலக்கத்தகட்டின் கடைசி எண்கள் வரை எழுதியிருக்கிறீர்கள். இது கற்பனை செய்த ஒருவர் எழுதியதாக எனக்குத் தெரியவில்லை, பார்த்த ஒருவர் எழுதியதாகத் தெரிகிறது. நான் நினைப்பது பிழையாக இருந்தால் இந்தப் பகுதியைக் கடந்து போங்கள்.

சரியாக இருந்தால், தயவுசெய்து இதை நாவல் மூலம் சொல்லப் பார்க்காதீர்கள். அந்த ஆட்டோவைப் பின்தொடராதீர்கள், படம் எடுக்காதீர்கள், மாமாவைக் கேட்டுப் பார்க்கச் சொல்லாதீர்கள். ஓய்வுபெற்ற பொலிஸ்காரர் ஒருவர் கேட்கும் கேள்வி நிலையத்துக்குள் எவ்வளவு விரைவாக ஓடும் என்பதை மேலே சொன்ன பெண் பொலிஸ் அழைப்பை வைத்தே யோசியுங்கள். கெலியையும் நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பார்த்ததற்கு வேறு விளக்கமும் இருக்கலாம். அதனால் முறைப்பாட்டில் கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள், முடிவை அவர்களிடம் விடுங்கள். தெரிந்தே பொய்யாகச் சொல்வது குற்றம். நேர்மையாகப் பார்த்ததைச் சொல்வது குற்றமல்ல.

எங்கே போவது? அந்தப் பொலிஸ் நிலையத்துக்கு வேண்டாம். பணம் கைமாறியதைப் பற்றியது என்றால் இலஞ்ச ஊழல் ஆணைக்குழு. அவர்களுடைய துரித தொலைபேசி இலக்கம் 1954. பொலிஸ் அதிகாரியின் நடத்தை பற்றியது என்றால் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கும் எழுதலாம். ஊழல் எதிர்ப்புச் சட்டத்தில் தகவல் கொடுப்பவருக்குப் பாதுகாப்பு உண்டு. 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் சாட்சிகளைப் பாதுகாக்கத் தனியாகவே இயற்றப்பட்டது. ஒரு குற்றம் பற்றிய தகவல் எங்கிருந்து கிடைத்தது என்று சொல்லும்படி பொலிஸ் அதிகாரியை வற்புறுத்த முடியாது என்பது சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு. காகிதத்தில் இருக்கும் பாதுகாப்பு எல்லா நேரமும் வீட்டு வாசல் வரை வருவதில்லை. அதனால் போவதற்கு முன்பு உங்களுக்கு நம்பிக்கையான ஒரு சட்டத்தரணியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, முடிந்தால் அவரோடு போங்கள். அம்மாவையும் வீட்டில் இருப்பவர்களையும் பற்றிய கவலை இருந்தால் அதையும் அவரிடம் சொல்லுங்கள். போகாமல் விடுவதும் உங்கள் உரிமைதான். அதற்காக நான் உங்களைக் குறை சொல்லமாட்டேன்.

போனால், வாக்குமூலத்தைத் தமிழில் எழுதும்படி கேளுங்கள். தமிழ் இந்த நாட்டின் அரசகரும மொழி, அது சலுகை அல்ல. தமிழில் எழுதக்கூடியவர் இல்லை என்றால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லுங்கள். எழுதி முடிந்ததும் வரிக்கு வரி வாசியுங்கள், பிழை இருந்தால் திருத்தச் சொல்லுங்கள். வாசிக்க முடியாத எதிலும் கையெழுத்து வைக்காதீர்கள்.